முதல் நாற்காலி

"கென்யாவுல யார் யார் காலையோ கழுவினீங்களாம். ஜோர்டான் முகாம்ல அகதிங்க காலைக் கழுவினீங்களாம். என் பொண்டாட்டி கால் மட்டும் உங்களுக்கு நாறுதா, ஃபாதர்?"

பர்டிக் போட்ட சத்தத்தில், கோவில் கூடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

வெர்னாவுக்கும் கோபம்தான். பெரிய வியாழன் ஆராதனைக்கு வெந்நீர் கலந்து, துண்டு மடித்து வைத்தவளே அவள்தான். பாதம் கழுவும் சடங்கில் முதல் நாற்காலி சபை மூப்பர் பர்டிக்கின் மனைவி டெல்ஃபினுக்கு. அந்த எபிஸ்கோபல் சபையில் அது எழுதாத சட்டம்.

சற்று முன் ஆராதனையில் ஃபாதர் விட்லாக் டெல்ஃபின் முன்னால் மண்டியிட்டார். ஷூ நாடாவில் கை வைத்தார். அவள் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். அவ்வளவுதான், எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். நாலு பேர் பார்க்க இப்படியா ஒருத்தியை அவமானப்படுத்துவது?

"பதில் சொல்லுங்க, ஃபாதர்," என்றாள் வெர்னா. "உலகத்தையே சுத்தி வந்தவருக்கு உள்ளூர்க்காரங்க இளக்காரமாப் போயிட்டோமா?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, வெர்னா."

"என்னத்தச் சொல்வார்?" என்றார் பர்டிக். "பிஷப்புக்கு இன்னிக்கே போன் போடறேன். மூட்டையக் கட்டிக்கிட்டு மறுபடியும் ஊர் சுத்தப் போகட்டும்."

ஃபாதரின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. கையை இறுக்கி மூடிக்கொண்டு டெல்ஃபினைப் பார்த்தார். சுவரோரமாக டெல்ஃபின் தலைகுனிந்து நின்றாள்.

அதைப் பார்த்ததும் வெர்னாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விறுவிறுவென்று போய்த் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வந்து டெல்ஃபின் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"உட்காருடி, டெல். அவர் கழுவாட்டி போறார். நான் கழுவறேன்."

பர்டிக்கின் குரல் சட்டென்று இறங்கியது. "அதெல்லாம் எதுக்கு, வெர்னா? நேரமாச்சு. டெல், கோட்டை எடு. வீட்டுக்குப் போகலாம்."

"இவ்வளவு நேரம் நீங்கதானே கத்தினீங்க?"

"வேண்டாம்னா விடேன்."

டெல்ஃபின் கோட்டை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள். தடித்த கம்பளிக் காலுறையை மெல்லக் கீழே உருட்டினாள்.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பெல்ட்டால் அடித்த தடங்கள். சில பழசு. சில இன்னும் ஆறவே இல்லை.

மனைவியின் தோளைப் பிடிக்கப் பாய்ந்த பர்டிக்கை ஃபாதர் குறுக்கே நின்று மறித்தார்.

டெல்ஃபின் நிமிர்ந்தாள்.

"கோவில்ல வச்சு காலுறையக் கழட்ட வேண்டாம்னு நான்தான் உங்க காதுல கெஞ்சினேன், ஃபாதர். இப்பக் கழுவுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."