மூணு பேருக்கு எடுத்த டிக்கெட்

"என்னங்க, எனக்குத் தலை வெடிக்குது. நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க."

மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டதும் இன்ஜினியருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மலை உச்சிக்குப் போகிற ரோப் காரில் மூணு பேருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். அம்மா இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே லீவு நாள். வியாழக்கிழமை அம்மாவுக்கு ஊர் திரும்ப ஃப்ளைட்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த?"

"தலைவலி என்ன சொல்லிட்டா வரும்?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். சோபாவில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, முட்டி பிடிச்சுக்கிச்சுடா. எழுந்திருக்கவே முடியல. நீங்க ரெண்டு பேரும் ஜோடியா போயிட்டு வாங்க."

ஓஹோ! சேதி அப்படிப் போகுதா!

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெனரேட்டர் எங்கே மக்கர் பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன். அதற்காகத்தான் கம்பெனி அவனைக் கடல் தாண்டிக் கூட்டி வந்திருக்கிறது. சொந்த வீட்டில் கோளாறு எங்கே என்று தெரியாமல் போகுமா? மாமியாருக்கும் மருமகளுக்கும் லடாய். ஒரே பெட்டிக்குள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மலை ஏற ரெண்டு பேருக்கும் மனசில்லை. ஆளுக்கொரு வலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் அவன் சொல்லவில்லை. பஞ்சாயத்து பண்ணத் தெம்பில்லை. அம்மா முந்தின நாளே கட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பையையும் கார் சாவியையும் எடுத்தான்.

"எங்கடா தனியா கிளம்புற? அவ எங்க?"

கதவைப் படாரென்று சாத்திவிட்டு லிஃப்ட்டில் இறங்கினான்.

வண்டி ஓட்டும்போதும் அதே நினைப்புதான். அம்மா இந்த மனத்தாங்கலோடா ஊர் போய்ச் சேரணும்? போனால் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா? மனைவியோ வருஷம் பூரா சொல்லிக் காட்டுவாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது யார்? அவன்தானே!

போன் அடித்தது. மனைவி. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. கோள் சொல்லத்தான் இருக்கும் என்று சைலன்ட்டில் போட்டான்.

மலை உச்சியில் நல்ல காற்று. கீழே ஊரே தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரிந்தது. அவன் சோகமாகத்தான் இருந்தான். சோகத்தோடேயே ஒரு செல்ஃபி எடுத்தான். முகம் நன்றாக விழவில்லை என்று சிரித்தபடி இன்னும் கொஞ்சம் எடுத்தான். மூணு பேர் சாப்பாட்டையும் அவனே சாப்பிட்டான். வீணாக்கக் கூடாது இல்லையா? இளவெயிலில் ஒரு பெஞ்ச் கிடைத்தது. அதில் படுத்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டான்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால், மாமியாரும் மருமகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் அசரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய வசனம், சும்மா விடுவானா?

"போதும் உங்க நாடகம்! ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க. எதுக்கு இந்த முட்டி வலி, தலைவலி எல்லாம்?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் குபீரென்று சிரித்தார்கள்.

"அட மக்கு!" என்றாள் அம்மா. "இருக்கிறதே ஒரு ரூமும் ஹாலும். நான் வந்ததுலேர்ந்து எந்நேரமும் ஹால்ல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். புருஷன் பொண்டாட்டி சத்தமாச் சிரிச்சுக்கூட நான் பாக்கல. ஒரு நாளாவது நீங்க ஜோடியா போகட்டுமேன்னுதான் முட்டி வலின்னேன்."

"அத்தை எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க வேலைக்கு ஓடிடறீங்க. வந்தா லேப்டாப்பைத் தொறந்துடறீங்க" என்றாள் மனைவி. "இவங்க பாஷை தெரியாத ஊர்ல ஜன்னலையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஊருக்குப் போறதுக்குள்ள பெத்த பிள்ளையோட ஒரு நாள் தனியா இருக்கட்டும்னு நான் தலைவலின்னு படுத்துட்டேன். நீங்க போனப்புறம்தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. எத்தனை தடவை போன் பண்ணேன்!"

"நான் பண்ணின அதே திருட்டு வேலையை இவளும் பண்ணியிருக்கா பாரேன்!" என்று அம்மா மருமகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

அம்மா குறை இல்லாமல் ஊர் திரும்புவாள். அப்பாடா! அவள் பக்கத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான்.

"உங்களுக்குள்ள சண்டைன்னு நெனச்சு நாள் பூரா தவிச்சுப் போயிட்டேம்மா. நீங்க என்னடான்னா ஒருத்தருக்காக ஒருத்தர் விட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க!"

அம்மா சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் சரிடா தம்பி. வலி பொய்ன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். டாக்டர்கிட்ட போகலாமான்னு ஒரு வார்த்தை கேட்காம நீ எப்படிடா கிளம்பிப் போன?"