பதினைந்தாவது பெயர்

“எம் மகன் சுரேன் பேர வெட்டிராதீங்க, டீச்சர்,” ஐந்தாம் படிவ வகுப்பு வாசலில் நின்று கெஞ்சினாள் திலகவதி.

“மூணு வாரமா ‘வரவில்லை’ன்னே போட்டுக்கிட்டிருக்கேன்கா. ஆபீஸ்ல கேக்கிறாங்க,” என்றார் ஷாந்தினி டீச்சர்.

“அவன் பேரு போனா பதினாலு பேருதான். பதினஞ்சு இல்லாட்டி தமிழ் வகுப்ப மூடிருவாங்கல்ல? புலாவ் செபாங் ஊரு முழுக்க வீடு வீடா மோட்டார்ல போயி புள்ளைங்களச் சேர்த்ததே அவன்தானே!”

டீச்சர் தலைகுனிந்தார். “நீங்க அந்தப் பேப்பரக் குடுத்துட்டா நான் வெட்டித்தான் ஆகணும்கா.”

“அப்ப மத்த புள்ளைங்களுக்கு எஸ்.பி.எம். பரீட்சை முடியட்டும். அப்புறமா தர்றேன்.”

கொண்டுவந்த தாளை நான்காக மடித்து மீண்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள் திலகவதி.

அது சுரேனின் மரணச் சான்றிதழ்.