ஃபோர்டுக்குள் செவர்லே

"அவன் போய் ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள இப்படி ஒரு காரியம் பண்ணிட்டியே, நெல்டா!"

வெர்லின் போட்ட சத்தத்தில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் அந்தப் பொருட்காட்சித் திடலில் பழைய கார்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர்கள் காபிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவர் எதிரே இருந்தது 1940ஆம் வருடத்து ஃபோர்டு. செத்துப்போன நண்பர் ஹார்லனின் கார். ஹார்லன் இருந்தவரை எந்தக் கண்காட்சியிலும் அதன் பானட்டைத் திறந்ததில்லை. தூசி படும் என்பார். இந்த வருடம் நடுவர்கள் கண்டிப்பாகக் கேட்டதால், அவர் மனைவி நெல்டா திறந்து வைத்திருந்தார்.

உள்ளே போட்டிக் கம்பெனியான செவர்லேயின் இன்ஜின்!

"ஆட்டுத் தலையை மாட்டு உடம்புல ஒட்டின மாதிரி இருக்கு! ஃபோர்டு காருக்கு ஃபோர்டு இன்ஜின்தாம்மா இருக்கணும்!"

"நல்லா ஓடுது, வெர்லின்" என்றார் நெல்டா மெதுவாக.

பக்கத்துக் காரின் சொந்தக்காரர் டெல்மர் குறுக்கே வந்தார். "ஏன்யா அந்த அம்மாவைப் போட்டுக் காய்ச்சறே? பழைய இன்ஜினுக்கு ஒரு சாமான் கிடைக்குதா இப்ப? வண்டி ஓடணுமா, வேண்டாமா?"

"ஓடலன்னா நிக்கட்டும்! மானத்தோட நிக்கட்டும்!"

வெர்லினின் ஃபோர்டு பக்தி ஊரறிந்தது. ஆனால் அவரும் பிறவி ஃபோர்டுக்காரர் இல்லை. இருபது வருடங்களுக்கு முன், மேட்டுச் சாலைப் பந்தயத்தில் ஹார்லனின் இதே ஃபோர்டிடம் தோற்ற அன்று சாயங்காலமே மனம் வெறுத்துப்போய்த் தன் செவர்லேயைக் காயலான் கடையில் தள்ளிவிட்டுக் கட்சி மாறியவர்.

"எந்த மெக்கானிக் பண்ணினான்? பேரைச் சொல்லு, அவன் கையை உடைக்கிறேன்!"

நெல்டா பானட்டை மூடப் போனார். வெர்லின் விடவில்லை.

"ஹார்லன் பார்த்திருந்தா ரத்தம் கக்கியிருப்பான். உனக்கு அவன்மேல துளியாவது பாசம் இருந்திருந்தா..."

"போதும்!" நெல்டாவின் முகம் சிவந்துவிட்டது. "சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன். நீங்க சொல்ல வெச்சுட்டீங்க. இது நான் மாட்டினது இல்ல. அந்தப் பந்தயத்துல உங்களை ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வர்ற வழியிலயே அவர் இன்ஜின் போயிடுச்சு. வேகத்துல ஆயில் பார்க்க மறந்திருக்கார், மகராசன்! வெளியில தெரிஞ்சா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு, மறுநாளே இதைக் கொண்டுவந்து தானே மாட்டினார்."

வெர்லின் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தரையைப் பார்த்தார்.

"ஹார்லனா? செவர்லேயையா?" வெர்லினின் குரல் இறங்கிவிட்டிருந்தது. "ஒரே நாள்ல அவனுக்கு இது எங்க கிடைச்சுது?"

"காயலான் கடையிலதான்" என்றார் நெல்டா. "முந்தின நாள் நீங்க கோபத்துல தள்ளிவிட்டுட்டுப் போன வண்டியிலேருந்து."