ஒன்றாம் எண் சீட்டு

பாத்திரத்தில் ஒரேயொரு தொடைத்துண்டு மிச்சமிருந்தது.

எண்பது துண்டு, எண்பது சீட்டு. எழுபத்தொன்பது சீட்டுகள் என் சட்டைப்பைக்கு வந்துவிட்டன.

லிமாவில் எங்கள் மேட்டுத் தெருவில் மருந்துச் செலவு என்றால் கோழிதான். சீட்டு அடித்து அக்கம்பக்கத்தில் விற்போம். ஞாயிறு மதியம் சீட்டோடு வருபவருக்கு, மிளகாய் விழுதில் ஊறவைத்துச் சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும். இன்று எனக்கு நீ வாங்கினால், நாளை உனக்கு நான். விற்ற சீட்டுக்குக் கோழி போட்டே ஆகவேண்டும், என்ன நடந்தாலும்.

என் மனைவி சொராய்தாவுக்கு ஒன்பது வருடமாக லூபஸ் நோய். அரசு மருத்துவமனையில் மூன்று மாதமாக அவள் மாத்திரை இல்லை. வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பாதியாக உடைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

சீட்டுகள் அச்சாகி வந்த அன்று முதல் சீட்டை அவளே எடுத்தாள். நோயாளி கையால் முதல் சீட்டு போனால்தான் மற்றவை விற்கும் என்பது எங்கள் தெரு நம்பிக்கை. நீலக் கம்பளிச் சட்டையின் பைக்குள் அதைச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

“என் கோழிய நானே காசு குடுத்து வாங்குறேன்யா. றெக்கைய என் தலையில கட்டிடாத. தொடை வேணும், சொல்லிட்டேன்.”

அந்த ஞாயிறு யாரும் பாட்டுப் போடவில்லை. பீர் கேட்கவில்லை.

எதிர்வீட்டு எர்மெலிந்தா தொடைத்துண்டுக்காக ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருபவள். “உங்க வீட்டுக் கோழிக்கெல்லாம் காலே கெடையாதாண்ணே?” என்று தெருவே கேட்கக் கத்துவாள். அன்று தட்டை மட்டும் நீட்டினாள். நான் வைத்த றெக்கையை வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு வாசல் காலியானது. கரி சாம்பலாகிவிட்டிருந்தது.

மிச்சமிருந்த தொடைத்துண்டு யாருடையது என்று பார்க்க, எர்மெலிந்தா சீட்டுகளை வாங்கி மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

இரண்டிலிருந்து எண்பது வரை எல்லாம் இருந்தன.

அவள் கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முந்தின வெள்ளிக்கிழமை, குளிருமே என்று, அந்த நீலக் கம்பளிச் சட்டையைத்தான் சொராய்தாவுக்குப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடினோம்.

பையை யாரும் பார்க்கவில்லை.