பென்சில் மார்க்

"மட்டனா, சிக்கனா மேடம்?"

அவள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதியியல் செய்முறைத் தேர்வு இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் முப்பத்திரண்டு பேருக்கும் பென்சிலில் மார்க் போட்டாயிற்று. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதன்மேல் பேனாவை ஓட்டவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும், பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். அதுதான் வழக்கம்.

இன்றைக்கு வெளித்தேர்வாளர் அவள்.

கேட்டவர் எதிரே இருந்த துறைத்தலைவர் துரைசிங்கம். தலை நரைத்திருந்தது, தோரணை நரைக்கவில்லை. அடுத்த மாதம் அவர்தான் முதல்வராம். வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்திருந்தது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

பதினேழு வருடத்துக்கு முன்பு இதே அறை. எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு அப்பாவோடு வந்து நின்றவளின் சான்றிதழை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டார். பதினொரு பேர் என்றாள்.

"பதினொரு பேர்ல முதல் மார்க்கா? எங்க கேண்டீன் க்யூவே அதைவிடப் பெருசும்மா."

அறையே சிரித்தது. இடம் கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா தலையைக் குனிந்தபடியே நடந்தார். அப்பாவை அப்படி நடக்கவைத்தவரை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய், ப்யூரெட், நாலு பேருக்கு ஒன்று. ஒரு பையன் அதன் திருகைத் திறக்கத் தெரியாமல் மூடியே வைத்திருந்தான். மூன்று வருடப் படிப்பு!

அவள் பி.எஸ்ஸி. படித்த சின்னக் கல்லூரியில் ஆளுக்கொன்று இருந்தது. பதினொரு பேரில் ஒருவர் வராவிட்டாலும் மிஸ்ஸுக்குப் பாடம் ஓடாது. ஆளைத் தேடி வீட்டுக்கே போய்விடுவார். தலைகளை எண்ணும் பழக்கம் அவளுக்கு அங்கே வந்தது.

எண்ணினாள். முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்றுதான். வருகைத்தாளில் ஒரு பேருக்கு நேரே கையெழுத்து இல்லை; பென்சில் பட்டியலில் அதே பேருக்கு நாற்பத்தொன்பது.

நாக்கில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

"சார், ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போட்டிருக்கீங்களே ஒரு பொண்ணுக்கு. அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

அவர் பெருமையாகத்தான் கூப்பிட்டார்.

"ரூபாவதி!"

யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை, அதட்டலாக.

கடைசி மேசையில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், அவ கல்யாணமாகிப் போயி நாலு மாசமாச்சு."

இந்த முறை அறை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பிள்ளைகள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். திருகு தெரியாத பையன் மூன்றாம் முறை சரியாகச் செய்தான். புதுத் தாளில் பேனாவால் மார்க் போட்டாள். ரூபாவதிக்கு நேரே சிவப்பு மையில், வரவில்லை.

பிரியாணி ஆறிப்போய்க் கிடந்தது.

துரைசிங்கம் கையில் ரப்பரோடு வந்து நின்றார்.

"அந்தப் பழைய லிஸ்ட்டைக் குடுங்க மேடம். அழிச்சிடறேன்."

அவள் புதுத் தாளைப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கவரில் வைத்தாள். கூடவே பென்சில் தாளையும் வைத்தாள்.

"ரப்பர் எதுக்கு சார்? அரக்கு இருக்கா?"

முத்திரை வைக்க அரக்கைத் தீயில் காட்டி உருக்கவேண்டியது உள்தேர்வாளரான அவருடைய வேலை. அவர் மெழுகுவத்தி ஏற்றினார். முதல்வர் நாற்காலி அந்தக் கவருக்குள் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"மேடம், நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

அவள் கவரை நகராமல் பிடித்துக்கொண்டாள்.

"கேண்டீன்ல க்யூவே இல்லாத காலேஜ் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதல் சொட்டு அரக்கு கவர்மேல் விழவில்லை, அவர் விரல்மேல் விழுந்தது.