சூப்பர்வைசர் வீட்டுக் கக்கூஸ்

“துபாய் சூப்பர்வைசர் பொண்டாட்டி கக்கூஸ்ல கை வைப்பாளாட்டி? ஊரு சிரிக்கும். உளியக் கீழ போடு” என்றாள் மாமி.

முஹ்ஸினா போடவில்லை.

மாமிக்கு முட்டு ஆபரேசன் முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. குத்தவைக்க முடியாது என்பதால் கொல்லைக் கக்கூஸ் ஆகாது. வீட்டுக்குள் இருக்கிற வெஸ்டர்னோ ஒவ்வொரு தடவை தண்ணி இழுத்துவிடும்போதும் அடியில் கசிந்தது. டைல்ஸ் கிளம்பி, மிதித்தால் பொளக் பொளக் என்று ஆடியது. கதவுச் சட்டம்கூட கீழே மக்கி உதிர்ந்துவிட்டது.

போன வாரம் அந்த ஈரத்தில் மாமி வாக்கரோடு சறுக்கிவிட்டாள். அதிலிருந்து அங்கே போகப் பயந்துகொண்டு தண்ணியே குடிப்பதில்லை. காலைச் சாயாவும் வேண்டாமாம். உதடு வெடித்துக் கிடந்தது.

பிளம்பர் ஜெபசிங் அண்ணாச்சிக்குப் போன் போட்டால், குற்றாலத்தில் சீசன், லாட்ஜ் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, அச்சன்புதூர் பக்கம் வரப் பத்து நாளாகும் என்றுவிட்டார்.

முஹ்ஸினா ஆறாங்கிளாசோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்கமாட்டாள். அன்றைக்கு என்னவோ திறந்துவிட்டாள்.

“சிரிக்கட்டும் மாமி. சிரிக்குதவுக வந்து ஒங்களத் தூக்கிவிடப் போறாகளா?”

கதவைச் சாத்திக்கொண்டு துபாயிலிருக்கிற புருசன் ஹம்தானுக்கு வீடியோ கால் போட்டாள். அவனும் வேண்டாம் என்றால் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவன் உடைந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, போனைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னான். முதலில் தண்ணி வால்வை அடை என்றான். உளியைத் தரையோடு சாய்த்துப் பிடித்துச் சிமெண்டை மட்டும் தட்டு, இழுக்காதே, இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டு என்று சொல்லச் சொல்ல, பீங்கான் கோப்பை கீறல் விழாமல் கழன்று வந்தது. உளி பட்டு அவள் கைதான் கிழிந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் தூக்குகிறவளுக்கு அந்தக் கனம் ஒன்றுமில்லை. சாக்கு விரித்து ஓரமாகக் கிடத்தினாள்.

தரை ஈரமாக இருந்தால் எதுவும் ஒட்டாது, ஃபேனைப் போட்டு ஒரு நாள் காயவிடு என்றான். காயவிட்டாள். மறுநாளும் அவன் போனில் சொல்லச் சொல்ல, குழாய் வாயில் புது ரப்பர் வளையம் போட்டு, பீங்கானை இறக்கி, சுற்றிப் பசை பூசத் தொடங்கினாள். மாமி அந்த இரண்டு நாளும் பெட்பேனோடு மல்லுக்கட்டினாள். வெளியே முனங்கல் ஓயவில்லை.

“பின்னால மட்டும் ரெண்டு விரல் அகலம் பூசாம விடு” என்றான் ஹம்தான். “திரும்ப ஒழுகுனா அது வழியா வெளிய தெரிஞ்சிரும். முழுசா அடைச்சா உள்ளயே நின்னு தரையத் தின்னுரும்.”

முஹ்ஸினாவின் கை நின்றது. ஏசி ரூமில் உட்கார்ந்து ஆளை வேலை வாங்குகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

“மச்சான், ஒங்களுக்கு அங்கன என்ன வேலை?”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“இதான் புள்ள. நாலு வருசமா. அடைப்பு எடுக்குதது, ஆசிட் ஊத்திக் கழுவுதது எல்லாந்தான். உம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. சொல்லிராத.”

மூன்றாம் நாள் காலையில் மாமி உள்ளே போய்விட்டு வந்தாள். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்ணி கேட்டாள். ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு பர்சானா வந்தாள். முஹ்ஸினாவின் கைக் காயத்தைப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா டக் டக்னு கேட்டது நீதானா மதினி? சூப்பர்வைசர் பொண்டாட்டி பாக்குத வேலையா இது?”

முஹ்ஸினாவுக்கு நாக்கு நுனிவரைக்கும் பதில் வந்தது. சொன்னால் ஹம்தான் குட்டு உடைந்துபோகும். விழுங்கிக்கொண்டாள்.

மாமி செம்பைக் கீழே வைத்தாள்.

“எம் மகன் பாக்குத வேலையத்தான் எம் மருமவளும் பாத்திருக்கா. அதுல என்ன கேவலத்தக் கண்டுட்ட?”

முஹ்ஸினா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“மொத லீவுல வந்தப்பவே அவன் உள்ளங்கை சொல்லிட்டுது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா குறுகிப்போவான்னு, அவன் சொன்ன சூப்பர்வைசர் கதைய நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்ற மாமி, முஹ்ஸினாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவன் கைதான் வெந்துபோச்சு, ஒன் கையாவது நல்லா இருக்கட்டும்னுதாம்ட்டி ஒன்னத் தடுத்தேன்.”