இடது பின் ஸ்பீக்கர்

அக்கா, வீட்டுக்கார அம்மா வியோரிகாவின் சினிமா பார்க்கும் கம்ப்யூட்டரில் இடது பின்பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை என்று பார்க்கப் போனேன். சோபாவில் மைக்கை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அதுவே மூன்று முறை அளக்கும். இடது பின்: எண்ணூறு மீட்டர்.

“ஸ்பீக்கரையே காணோமேம்மா?”

“எண்ணூறா? கல்லறை அங்கதான கண்ணு இருக்கு. செத்தவரு ஆசப்பட்ட பொருளத் தேடி வந்துடக் கூடாதுன்னு, அத என் புருஷனோட சவப்பெட்டியிலயே வச்சுப் புதைச்சேன்.”

“ஒண்ண மட்டுமா? அது ஜோடியாச்சே!”

அம்மாவின் முகம் வெளுத்தது. திரையில் இப்போது இருநூறு மீட்டர்.

வலது பின் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து பிடுங்கி என் கையில் திணித்தார். “வாசல்ல வச்சுட்டு ஓடி வா. அவரு உள்ள வரவே கூடாது.”

தாழ்ப்பாளில் கை வைத்தேன். பின்னால் கம்ப்யூட்டர் மூன்றாவது அளவைச் சொன்னது: நான்கு மீட்டர்.

சோபாவிலிருந்து கதவு அவ்வளவு தூரம்தான்.